வேர் வாசமும் கரி வாசமும்

நம்ம கடலூர் மாவட்டத்துக்கு இரண்டு வாசம் உண்டு. ஒன்று, கடலோர மணலில் விளையுற வெட்டிவேர். இன்னொன்று, நெய்வேலியில் தோண்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி. கரிக்கு ஏதுய்யா வாசம்னு கேக்காதீங்க. பினாயில் பாட்டிலைத் திறந்தா மூக்கில் ஏறுதே, அது கரியோட சொந்தக்கார வாசம்தான். இந்த இரண்டும் வேறு வேறு காலத்தில் நம்ம வீட்டுக் குளியலறைக்குள் வந்தவை. இப்போ மூன்றாவதாக ‘எசென்ஷியல் ஆயில்’ என்று விரல் நீளப் பாட்டில் ஒன்று வருகிறது. குளிக்கிற அறையில் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்கிறார்கள். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தால், பாதி பாட்டிலில் நம்ம வெட்டிவேரும் எலுமிச்சைப் புல்லும்தான் இருக்கிறது.

எது எப்போ வந்தது, ஏன் வந்தது, காசு யாருக்குப் போகுது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

அறையே இல்லாத காலம்

என் சின்ன வயசில் முத்தாண்டிக்குப்பத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் குளியலறை கிடையாது. ஆம்பளைங்க கிணத்தடியில், ஏரியில், பம்புசெட்டுத் தொட்டியில் குளிப்பார்கள். பொம்பளைங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கீத்துத் தட்டி மறைப்பு. கீழே ஒரு கல், பக்கத்தில் ஒரு அண்டா. மேலே கூரை கிடையாது. குளிச்ச தண்ணி நேராக வாழைக்குப் போகும். வெயில் அடிக்கும், காத்து வரும், செம்மண் தண்ணியை உறிஞ்சிக்கும். வெளிக்குப் போறது முந்திரித் தோப்புக்கு.

அதனால் குளிக்கிற இடம் நாறுகிற பேச்சே இல்லை. அதுக்காக அது பொற்காலம் என்று சொல்ல வரலை. இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் காத்திருந்த பொம்பளைங்களைக் கேட்டால் அந்தக் காலத்தின் லட்சணம் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அப்போ வாசம் இடத்துக்கு வேண்டியிருக்கவில்லை, உடம்புக்குத்தான் வேண்டியிருந்தது.

உடம்புக்கு என்ன போட்டோம்? புதன், சனி ஆம்பளைங்களுக்கு, செவ்வாய், வெள்ளி பொம்பளைங்களுக்கு எண்ணெய்க் குளியல். தலைக்குச் சீயக்காய். உடம்புக்குக் குளியல் பொடி. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காய வச்சு அரைச்ச மாவு. இதில் பயறு அழுக்கை எடுக்கும். மணம் கொடுப்பது கிழங்கும் வேரும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லணும். நல்லெண்ணெயும் எண்ணெய்தான், எலுமிச்சைப் புல் எண்ணெயும் எண்ணெய்தான். ஆனால் ஜாதி வேறு. நல்லெண்ணெய் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை அப்படியே நிற்கும். புல் எண்ணெயை விட்டால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பறக்கிறதால்தான் அது மூக்குக்கு எட்டுகிறது. செடி தன் இலையிலும் வேரிலும் பூவிலும் சேர்த்து வைக்கிற இந்த ஆவியாகும் எண்ணெயைத்தான் எசென்ஷியல் ஆயில் என்கிறார்கள். அத்தியாவசியம் என்று அர்த்தம் இல்லை. சாரம் என்று அர்த்தம். பொடியில் நாம் போட்ட வேரிலும் இதே சாரம்தான் இருந்தது, பிரிக்காமல் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் வேர், பிரெஞ்சுப் பெயர்

வெட்டி எடுக்கிற வேர் வெட்டிவேர். இந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கிட்டு ‘வெத்திவேர்’ என்றார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இன்றைக்கு உலகம் முழுக்க வாசனைத் தொழிலில் இதற்கு இதுதான் பெயர். வடநாட்டில் கஸ் என்பார்கள். வெயில் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஜன்னலுக்குக் கஸ் தட்டி கட்டித் தண்ணி தெளிக்கச் சொன்னது பழைய கதை. நம்ம வீடுகளில் அதே வேலையைப் பானைத் தண்ணிக்குள் போட்ட ஒரு பிடி வேர் செய்தது.

வேரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிற வித்தையும் இந்தியாவுக்குப் பழசு. உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் செப்புப் பாத்திரத்தில் வேரைத் தண்ணியோடு போட்டு, மூடியை மண் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு பாத்திரத்துக்கு இறக்குவார்கள். ரூ கஸ் என்று அதற்குப் பேர். செம்பு பட்டதால் அந்த எண்ணெய்க்குக் கொஞ்சம் பச்சை நிறம் ஏறும். நம்ம பக்கம் வேரை வேராகவே பயன்படுத்தினோம், வேராகவே விற்றோம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் இதுக்கு வருவோம்.

நெய்வேலி வந்தது, அறை வந்தது

1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஒன்று வந்தது என்பதும், அதிலிருந்து நிலக்கரிக் கதை ஆரம்பித்தது என்பதும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1956-ல் நிறுவனம் வந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம். பல கிராமங்கள் இடம் பெயர்ந்து, அந்த இடத்தில் ஒரு நகரியம் எழும்பியது.

சுரங்கத்தையும் அனல் மின் நிலையத்தையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைக்கிறது நகரியத்து வீடுகளைப் பற்றி. குவார்ட்டர்ஸ் என்றால் வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிவறை, குழாய்த் தண்ணி. சுத்துப்பட்டுக் கிராமத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள், பால் ஊற்றப் போனவர்கள், பலாப்பழம் விற்கப் போனவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நாலு சுவர், ஒரு கதவு, மேலே தளம். வீட்டுப் பொம்பளைங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! அதுக்கப்புறம் நம்ம ஊரில் வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்ட ஆரம்பித்தோம். 2014-க்குப் பிறகு தூய்மை இந்தியா திட்டத்தில் மிச்சம் இருந்த வீடுகளுக்கும் கழிவறை வந்தது.

ஆனால் நாலு சுவர் எழுப்பினவுடன் இன்னொன்றும் கூடவே வந்தது. ஈரம் காயாது. காத்து ஓடாது. வெயில் உள்ளே வராது. கெட்ட வாசம் அங்கேயே சுத்தும். தமிழ்நாட்டில் குளிக்கிற இடத்துக்கு வாசம் வாங்க வேண்டிய அவசியம் இப்படித்தான் பிறந்தது. உடம்புக்கு இருந்த மணம் சுவருக்குப் போனது.

கரித் தாரிலிருந்து வந்த சுத்தம்

சுவருக்கு வந்த முதல் வாசம் வேரிலிருந்து வரவில்லை, கரியிலிருந்து வந்தது. கரியைக் காத்துப் படாமல் சூடுபடுத்தினால் அது எரியாது. வாயு ஒரு பக்கம் போகும், தார் ஒரு பக்கம் வடியும், மிச்சம் புகையில்லாக் கரியாக நிற்கும். அந்தத் தாரைக் காய்ச்சி வடித்தால் பினால், கிரெசால் என்று பல சரக்கு வரும். 1834-ல் ரூங்கே என்ற ஜெர்மன்காரர் தாரிலிருந்து முதலில் பிரித்ததைத்தான் கார்பாலிக் அமிலம் என்கிறோம். 1860-களில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் அதை ஊறவைத்த துணியால் புண்ணைக் கட்டி, சீழ் வைக்காமல் ஆற்றிக் காட்டினார். அதற்குப் பிறகு கார்பாலிக் வாசம் என்றாலே ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றாலே சுத்தம் என்று ஆகிப்போச்சு. 1890-களில் லைஃப்பாய் சோப்பு இந்தியாவுக்கு வந்தது, சிவப்பாக, இதே கார்பாலிக் வாசத்தோடு. தாத்தாக்களுக்கு ‘சோப்பு வாசம்’ என்றால் அதுதான்.

கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் இன்றைக்கும் பினாயில் விற்கிறது. கறுப்புப் பினாயிலைத் தண்ணியில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். தாரின் எண்ணெயைச் சோப்போடு சேர்த்து வைத்திருப்பதால், தண்ணியில் பட்டதும் பொடிப்பொடித் துளியாக உடைந்து நிற்கிறது. அந்த வெளுப்பு அதுதான்.

நெய்வேலியிலும் இதே வேலை நடந்தது. லெக்கோ கரி ஞாபகம் இருக்கா? பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக அழுத்திச் சுட்டு எடுத்த புகையில்லாக் கரி. தமிழ்நாட்டில் எத்தனையோ அடுப்புகளில் எரிந்தது. அந்த ஆலையில் லெக்கோவோடு கூடவே கார்பாலிக் அமிலம், கிரெசால் எல்லாம் துணைப்பொருளாக வந்தது. பினாயிலுக்கு மூலச்சரக்கு ஆகிற சாமான், நம்ம மண்ணுக்கு அடியில் கிடந்த மரங்களிலிருந்து. அந்த ஆலை இப்போ இல்லை.

பினால் ஜாதிச் சரக்கு தோலில் பட்டால் என்ன செய்யும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையைப் பாருங்க. கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெயும் பினால் ஜாதிதான். அதனால்தான் கை பொத்துப் போகிறது, அதனால்தான் படகுப் பலகைக்குப் பூசினால் பூச்சி அண்டுவதில்லை. கிருமியைக் கொல்கிற குணமும் தோலைப் பொசுக்குகிற குணமும் அங்கே ஒன்றாகவே இருக்கு.

கழிவறையில் போடுகிற வெள்ளை நாப்தலின் உருண்டையும் கரித் தார்ச் சரக்குதான். வாசம் வருகிறதே என்று அதைக் குழந்தைத் துணிக்குள் போட்டு வைக்காதீங்க. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கிற குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும்.

புல் திரும்பி வந்தது

கறுப்புப் பினாயில் நாற்றம் எல்லாருக்கும் பிடிக்காது. அடுத்து வெள்ளைப் பினாயில் வந்தது. அதில் தாருக்குப் பதிலாகப் பைன் மரத்து எண்ணெய். இப்போ எலுமிச்சைப் புல் வாசம், சிட்ரோனெல்லா வாசம் என்று விதவிதமாக வருகிறது. இதிலும் நம்ம பக்கத்துப் பங்கு பெரிசு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் தெற்கே, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம், சிட்ரோனெல்லாப் புல்லைக் காய்ச்சிக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். ஐரோப்பாவின் மலிவுச் சோப்புகளுக்கு மணம் கொடுத்தது அந்தப் புல்தான். கேரளத்து எலுமிச்சைப் புல் எண்ணெய்க்குச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பேர். 1951-ல் ஓடக்காலியில் அதற்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமே வைத்தார்கள். ஊட்டியில் 1843-ல் கொண்டுவந்து வைத்த யூகலிப்டஸ்தான் நாம் வெந்நீரில் விட்டு ஆவி பிடிக்கிற நீலகிரித் தைலமாக ஆனது.

வெட்டிவேர் எண்ணெய் இன்னும் மேலே போனது. 1959-ல் பாரிஸில் கெர்லைன் என்ற கம்பெனி ‘வெத்திவேர்’ என்றே பேர் வைத்து ஒரு சென்ட் போட்டது. தமிழ்ப் பேர், பிரெஞ்சுப் பாட்டில். இன்றைக்கு உலகத்துக்கு அதிகமாக வெட்டிவேர் எண்ணெய் தருவது ஹைட்டி என்ற தீவு நாடு. ஜாவாவிலும் ரீயூனியன் தீவிலும் காய்ச்சுகிறார்கள். இந்த எண்ணெயை ஆலையில் செயற்கையாக அப்படியே செய்துவிட முடிவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்த மணம் அது.

வேரை விற்பதும் வாசத்தை விற்பதும்

இப்போ கடலூர் கடலோரத்துக்கு வருவோம். நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் மணலில் வெட்டிவேர் போடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வேர் எடுக்கலாம். மணல் என்பதால் வேர் அறுபடாமல் கொத்தாக வரும். அலசி, காய வைத்து, கட்டுக் கட்டாக ஏற்றுகிறார்கள். அங்கே ஒரு விவசாயி என்னிடம் சொன்னார், “நாங்க வேர விக்கிறோம் அண்ணே, வாசத்த வேற ஆளு விக்கிறான்.”

கணக்கைப் பாருங்க. நூறு கிலோ காய்ந்த வேரைக் காய்ச்சினால் சுமாராக ஒரு கிலோ எண்ணெய், ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. வெட்டிவேர் எண்ணெய் கனமான எண்ணெய், லேசில் ஆவியோடு ஏறாது. ஒரு கொப்பரைக்கு ஒரு நாள் முழுக்க நீராவி விட வேண்டியிருக்கும். விறகு, தண்ணி, ஆள், கொப்பரை இது நாலும் யாரிடம் இருக்கோ அவர்தான் விலை சொல்வார். வேர் விற்கிறவர் லாரி வந்த அன்றைக்கு என்ன விலையோ அதற்குத்தான் கொடுக்க முடியும்.

இதை முன்னாடியே புரிந்துகொண்டவர்கள் மைசூர்க்காரர்கள். முதல் உலகப் போரில் கப்பல் நின்று சந்தனக் கட்டை ஏற்றுமதி முடங்கிப்போனது. கட்டை மலையாகக் குவிந்தது. மகாராஜாவும் விஸ்வேஸ்வரய்யாவும் கட்டையை விற்க வழி தேடிக்கிட்டு உட்காரவில்லை. 1916-ல் எண்ணெய் காய்ச்சும் ஆலையையே வைத்தார்கள். அதிலிருந்து மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்தச் சோப்பு நம்ம குளியலறையில் இருக்கு. மரம் வைத்திருந்தவனே கொப்பரையும் வைத்தான், அதுதான் காரணம்.

நம்ம செம்மண்ணுக்கு எது?

2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததை யாரும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு மாற்றுப் பயிர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் வெட்டிவேர் என்பார். நான் என் நிலத்தில் முழுசாகப் போடவில்லை. நம்மது சரளை கலந்த செம்மண். பத்தடி வரைக்கும் இறங்குகிற வேரை இந்த மண்ணிலிருந்து அறுபடாமல் எடுக்கிற கூலி, வேர் விலையைத் தின்றுவிடும்.

ஆனால் வரப்பில் போட்டிருக்கிறேன். கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் வெட்டிவேர் வைத்து மண் அரிப்பைத் தடுத்ததைப் பார்த்துத்தான், 1980-களில் உலக வங்கி ஆட்கள் அதை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். நம்ம மழைக்கு ஓடுகிற செம்மண்ணை அந்த வேலி நிறுத்துகிறது. வீட்டுக்கு வேண்டிய ஒரு பிடி வேர் அதிலேயே கிடைக்கும். விற்கிறதுக்கென்றால் இந்த மண்ணுக்கு எலுமிச்சைப் புல் தோது. இலையை அறுத்தால் போதும், தோண்ட வேண்டாம். ஆனால் புல்லை அறுத்த சூட்டோடு, வாடும்போதே காய்ச்சணும். தூரத்துக்கு ஏற்றினால் கட்டாது. ஆக, கொப்பரை பக்கத்திலேயே இருந்தாகணும். லக்னோவில் இருக்கிற சீமேப் நிறுவனம் கிராமத்துக்கு ஏற்ற சின்னக் காய்ச்சும் சாதனம் வடிவமைத்திருக்கிறது. மத்திய அரசின் அரோமா மிஷன் திட்டமும் நடக்கிறது. தனி ஆளுக்குக் கட்டாது. முப்பது நாற்பது பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழு என்றால் கட்டும். நம்ம ஊரில் இதைப் பேச ஆரம்பித்திருக்கிறோம்.

அதுவரைக்கும் குளியலறையில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு ஜன்னல் வையுங்கள், முடிந்தால் கிழக்கே. நாலு சுவர் கெடுத்ததைப் பாதி அந்த ஜன்னலே சரி பண்ணிவிடும். எந்த வாசமும் அழுக்கை எடுக்காது. தேய்த்துக் கழுவின பிறகு போடுகிறதுதான் வாசம்.

செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைப்பது கிருமிகள்தான். பினாயிலை மடமடன்னு ஊற்றினால் அதுவும் செத்துப்போகும், டேங்க் சீக்கிரம் நிரம்பும். குளிச்ச தண்ணி வாழைக்குப் போகிற வீடுகளில் பினாயில் கழுவின தண்ணியை அந்த வாய்க்காலில் விடாதீங்க.

எசென்ஷியல் ஆயில் வாங்கினால், வாளித் தண்ணியில் நேரா விடக்கூடாது. தண்ணியோடு கலக்காது, மேலே மிதந்து தோலில் ஒட்டி எரியும். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சொட்டு கலந்து தேய்ச்சுக்குங்க. அறைக்கென்றால் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு மேலே வைத்தால் போதும். நீலகிரித் தைலமும் கற்பூரமும் கைக்குழந்தை மூக்குக்கிட்ட வேண்டாம். வாயில் போனால் வலிப்பு வரும், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இல்லையென்றால் ஒரு பிடி வெட்டிவேரை நூலில் கட்டி, குளியலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். ஈரம் பட்டால் மணக்கும், வெயில் பட்டால் காயும், மறுநாள் குளிக்கும்போது மறுபடி மணக்கும். மணம் போனதும் உருவி வாழை அடியில் போடலாம். கடலூர் பக்கம் போகிறவர்கள் வழியில் வேர் காயப்போட்டிருக்கிற வீட்டைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி அவர்களிடமே வாங்குங்கள். மோந்து பார்த்து வாங்குங்கள், பேரம் மட்டும் பேசாதீங்க.